சுகாதாரக் கழகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்: தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானமும் சுகாதாரமும் படிப்பிக்கிறேன். தரம் 1 முதல் 11 வரை உள்ள பாடசாலை. சுகாதாரக் கழகம் என் பொறுப்பு. வேறு தோட்டங்களில் இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்கிற ஆசிரியர்கள் “எங்கேயிருந்து தொடங்குறது டீச்சர்?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பல பாடசாலைகளில் நடப்பது இதுதான். பிறிஸ்டல் போர்டில் ‘கை கழுவுவோம்’ என்று எழுதுவோம். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மனப்பாடம் செய்ததைப் பேசும். ஒக்டோபர் 15 உலகக் கைகழுவும் தினத்தில் படம் எடுப்போம். அடுத்த நாள் இடைவேளையில் அதே பிள்ளை கழுவாத கையோடு ரொட்டியைப் பிய்க்கும். கிருமி பற்றி அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மலசலகூடத்துக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வராது. வந்தாலும் விரல் விறைத்துப்போகும். சவர்க்காரம் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். நல்ல பழக்கத்துக்கு எது குறுக்கே நிற்கிறது என்று நம்மைவிடப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். நான் சொல்கிற முறை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

இந்த யோசனை என்னுடையது இல்லை. 1978இல் லண்டனில் டேவிட் மோர்லி என்ற குழந்தை மருத்துவரும் ஹியூ ஹோஸ் என்ற கல்வியாளரும் ‘பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு’ என்ற முறையைத் தொடங்கினார்கள். 1979 சர்வதேச சிறுவர் ஆண்டு, அதற்கான தயாரிப்பாகவே இது வந்தது. ஏழை நாடுகளில் சின்னப் பிள்ளைகளைப் பாதி வளர்ப்பது அக்காமாரும் அண்ணன்மாரும்தான், அப்படியானால் சுகாதார அறிவும் அவர்கள் வழியாகவே போகட்டும் என்பதுதான் அடிப்படை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மா பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போன பிறகு தம்பிக்கு முகம் கழுவி, தலை சீவி, கையைப் பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டி வருவது ஏழாம் தரத்து அக்காதான்.

யாரைச் சேர்ப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது. அவசரப்பட வேண்டாம்.

வழக்கமாக மாணவத் தலைவர்களையும், முதலாம் பிள்ளையையும், பேச்சுப் போட்டியில் பரிசு எடுத்தவர்களையும் சேர்ப்போம். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் சொல்வதை மற்றவர்கள் ‘டீச்சர் சொல்லிக் கொடுத்தது’ என்றுதான் கேட்பார்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து, கீழ் டிவிசனிலிருந்து, மழையில் நடந்து வருகிற பையன் அவர்களை ஒரு கூட்டாளியாக நினைக்க மாட்டான்.

அதனால் பிள்ளைகளிடமே கேளுங்கள். தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கடுதாசி கொடுங்கள். தன் பெயர் எழுத வேண்டாம். இரண்டு கேள்வி போதும். ‘உனக்கு உடம்புக்கு முடியாமல் வந்தால் வகுப்பில் யாரிடம் முதலில் சொல்வாய்?’ ‘விளையாடும்போது யார் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்?’ சேர்த்து வாங்கி, வீட்டில் வைத்து நீங்கள் மட்டும் எண்ணுங்கள். பெயர்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். கடைசி வாங்கில் உட்கார்ந்து கொப்பி எழுதாத பையன் பெயர் திரும்பத் திரும்ப வரும். வகுப்பில் வாய் திறக்காத பெண் பிள்ளையிடம்தான் மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லியிருப்பார்கள்.

பன்னிரண்டு பதினைந்து பேர் போதும். ஆணும் பெண்ணும் சரிபாதி. எல்லா டிவிசனிலிருந்தும், முடிந்தால் எல்லா லயத்திலிருந்தும் ஒருவராவது வேண்டும். பாடசாலையில் தொடங்குகிற பழக்கம் லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைவரை போனால்தான் நிலைக்கும். தரம் 7, 8 பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுங்கள். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது, அவர்களை இழுக்க வேண்டாம். எழுத வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையை இந்த ஒரு காரணத்துக்காக விட்டுவிடாதீர்கள். கேன் கட்டுவதற்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் வாசிப்பு தேவையில்லை. அப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்புக் கிடைத்து, அது நன்றாக நடந்தால், பாடத்திலும் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் சம்மதம் கட்டாயம். ஆனால் கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள். தாய்மாருக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கொழுந்து நிறுத்து முடித்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு, மாலையில் கோயிலடியிலோ லயத்து வாசலிலோ பத்து நிமிஷம் பேசினால் போதும்.

அதிபரிடம் முதலில் பேசுங்கள். பிறகு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்ப நல மாதுவும் எப்படியும் பாடசாலைக்கு வருகிறவர்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கும். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லோருக்கும் நடக்கும். அவர்கள் வருகிற நாளில் கழகத்துப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார வையுங்கள். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு வெள்ளைச் சட்டை போட்டவர் மரியாதையாகப் பதில் சொன்னால் அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பார்கள்.

ஒரு தவணைக்கு ஒரு பழக்கம்

பல் துலக்கு, நகம் வெட்டு, செருப்புப் போடு, கீரை சாப்பிடு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொன்னால் எதுவும் ஒட்டாது. வருஷத்தில் மூன்று தவணை, மூன்று பழக்கம். எதை எடுப்பது என்று பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். நான்கைந்து டின்களில் படம் ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கூழாங்கல் போட்டால் முடிந்தது. முதல் தவணைக்கு மட்டும் கைகழுவுதலை எடுக்கும்படி நான் சொல்வேன். பலனைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம், செலவும் குறைவு.

முதல் வாரம் பார்ப்பதற்கு மட்டும். யாரையும் திருத்தக் கூடாது, யாருடைய பெயரையும் எழுதக் கூடாது. மலசலகூடத்திலிருந்து வெளியே வருகிறவர்களில் சவர்க்காரம் போட்டுக் கழுவியது எத்தனை பேர், தண்ணீரில் மட்டும் நனைத்தது எத்தனை பேர், அப்படியே ஓடியது எத்தனை பேர். ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு கோடாகப் போட்டால் போதும். இரண்டாம் வாரம் கேட்பதற்கு. “ஏன் கழுவல?” என்று கேட்டால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். “கழுவுறதுக்கு என்ன இருந்தா லேசா இருக்கும்?” என்று கேட்கச் சொல்லுங்கள். இங்கே வந்த பதில்கள் சில: “பைப்பு எட்டல.” “மணி அடிச்சிரும்.” “கை விறைச்சுப் போகுது.” “சவுக்காரம் கேட்டா டீச்சர் ஏசுவாங்க.” கடைசிப் பதில் எங்கள் ஆசிரியர் அறையில் நல்ல ஒரு பேச்சுவார்த்தையை உண்டாக்கியது.

அப்புறம் சரிசெய்வது. ஓடும் குழாய் இல்லாத இடத்தில் காலால் மிதிக்கும் கேன் கட்டலாம். ஐந்து லீற்றர் கேன் ஒன்று வேண்டும். தேங்காய் எண்ணெயோ குடிதண்ணீரோ வந்த கேனாக இருக்கட்டும். களைக்கொல்லியோ தேயிலைக்கு அடிக்கும் மருந்தோ வந்த கேன் எவ்வளவு கழுவியிருந்தாலும் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் அப்படிப்பட்ட கேன்தான் முதலில் கைக்குக் கிடைக்கும், பிள்ளைகள் ஆசையாகத் தூக்கி வருவார்கள். அதனால் ஒவ்வொரு கேனையும் நீங்களே பார்த்து எடுங்கள்.

மூடிக்கு நான்கைந்து அங்குலம் கீழே, பிடிக்கு எதிர்ப் பக்கத்தில், சூடாக்கிய ஆணியால் ஒரு சின்னத் துளை போடுங்கள். ஆணி சூடாக்குவது பெரியவர்கள் வேலை. கவையுள்ள இரண்டு கம்புகளை இரண்டரை அடி இடைவெளியில் ஆழமாக நடுங்கள். கேனின் பிடிக்குள் ஒரு குறுக்குக் கம்பை விட்டு, அதைக் கவைகளில் வையுங்கள். மூடியில் துளை போட்டு ஒரு கயிற்றை முடிச்சிட்டு, அதன் மறுமுனையைக் கீழே ஒரு மிதி கம்பில் கட்டுங்கள். கம்பை மிதித்தால் கேன் சாயும், தண்ணீர் நூலாக வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். அழுக்குக் கையால் எதையும் தொட வேண்டியதில்லை, தண்ணீரும் வீணாகாது. துளை முதலாம் தரத்துப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் வர வேண்டும். கீழே ஜல்லி கொட்டுங்கள், இல்லாவிட்டால் நம் மழைக்கு அந்த இடம் சேறாகிவிடும்.

சவர்க்காரத்தை நான்காக வெட்டி, வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். முழுக்கட்டி வைத்தால் ஒரே நாளில் சேற்றில் விழும், காணாமலும் போகும். குளிருக்கும் பிள்ளைகளே ஒரு வழி சொன்னார்கள். கேனைக் காலையில் வந்தவுடன் நிரப்பி வெயில் படுகிற பக்கம் வைத்தால் இடைவேளைக்குள் தண்ணீரின் விறைப்புக் குறைந்துவிடும். ஜூன், ஜூலை மழையில் அதற்கும் வழியில்லை. அந்த மாதங்களில் பாடசாலைச் சாப்பாடு சமைக்கும் தாய்மாரிடம் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் கலந்துகொள்கிறார்கள்.

சவர்க்காரம் எதற்கு என்று காட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. இதைக் கழகத்துப் பிள்ளைகள்தான் ஒவ்வொரு வகுப்பிலும் செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைகளின் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, மஞ்சள் தூள் தூவுங்கள். ஒருவர் தண்ணீரில் மட்டும் கழுவட்டும், மற்றவர் சவர்க்காரம் போட்டு இருபது விநாடி தேய்க்கட்டும். முதல் பிள்ளையின் நகத்தடியிலும் விரலிடுக்கிலும் மஞ்சள் அப்படியே இருக்கும். அந்தக் கையால் ஒரு வெள்ளைக் கடுதாசியைத் தொடச் சொன்னால் வகுப்பே ‘ஐயோ’ என்று கத்தும். இருபது விநாடிக்கு மணிக்கூடு தேவையில்லை. இரண்டாம் வாய்ப்பாட்டை அவசரமில்லாமல் ஒரு தரம் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் பாடமாகிறது.

பிறகு சோடி சேர்க்க வேண்டும். கழகத்துப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தரம் 1, 2இல் நான்கைந்து பிள்ளைகள் பொறுப்பு. பாடசாலைச் சாப்பாட்டுக்கு முன்னால் தன் கூட்டத்தைக் கேனடிக்குக் கூட்டிப்போய்த் தானும் கழுவ வேண்டும். சொல்வதைவிடக் கூட நின்று செய்வதைத்தான் சின்னதுகள் பார்த்துப் பழகும்.

சொல்வது சரியாக இருக்க வேண்டும்

பிள்ளை வழியாக ஒரு பிழையான செய்தி போனால் அது மறுநாளே பத்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பழக்கத்துக்கும் மூன்று வசனம் மட்டும் எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்ப நல மாதுவிடமோ காட்டித் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யாராவது கேட்டால் “தெரியாது, கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லப் பழக்குங்கள்.

பேன் நல்ல உதாரணம். பேன் இருந்தால் அந்த வீடு அழுக்கு என்று ஒரு பேச்சு. உண்மையில் குளித்த தலைக்கும் குளிக்காத தலைக்கும் பேன் பேதம் பார்ப்பதில்லை. தலையும் தலையும் ஒட்டினால் ஏறும். இதைப் பிள்ளைகள் வாயால் எல்லோரும் கேட்டால் பாதி வெட்கம் போய்விடும். பேன் சீப்புப் போடுவதை ஒரே நாளில் எல்லா வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் செய்தால் அடுத்த வாரம் திரும்ப ஏறிவிடும், அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வந்துவிடும். சொறியும் அப்படித்தான். இரவில் அதிகமாக அரிக்கும், ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஆனால் அது பிள்ளைகள் கையாளும் விஷயம் இல்லை. உங்களிடம் வந்து காதோடு சொல்வதுடன் அவர்கள் வேலை முடிந்தது.

இனிப்பும் வெறுங்காலும் தேத்தண்ணியும்

பல் தவணையில் பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்தது சீனிக் கணக்கு. கடையில் விற்கும் இனிப்புப் பானங்களின் வெற்றுப் போத்தல்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2016 முதல் நம் நாட்டில் போத்தலில் நிற வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். அதற்கும் குறைந்தால் பச்சை. ஒரு போத்தலில் 100க்கு 10 கிராம் என்று போட்டிருக்கிறது, போத்தல் 400 மில்லிலீற்றர் என்று வையுங்கள். மொத்தம் 40 கிராம். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று பார்த்தால் எட்டுக் கரண்டி. அந்த எட்டுக் கரண்டி சீனியை ஒரு வெறும் கிளாசில் போட்டுப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு பேச்சுத் தேவையில்லை. வட்டம் செம்மஞ்சளாக இருந்தும் இவ்வளவு சீனி என்பதை ஒரு எட்டாம் தரத்துப் பிள்ளைதான் எனக்குக் காட்டியது.

இதோடு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையையும் பிள்ளைகளே பார்க்கட்டும். என்ன விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதிபரிடம் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்குப் புரியும்படி வாசித்துக் காட்டுங்கள். நடத்துகிறவரோடு சண்டை வேண்டாம். எங்கள் பக்கத்தில் அவித்த கடலை, சோளம், வாழைப்பழம், இலைக்கஞ்சி என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்து, எது விற்கும் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டு எண்ணியும் கொடுத்தார்கள். வியாபாரம் ஓடும் என்று தெரிந்தால் அவரும் மாற்றுவார்.

வயிற்றில் பூச்சி வருவதைத் தடுக்கச் செருப்புப் போடு என்கிறோம். கொக்கிப் புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக ஏறும், அது சரி. ஆனால் மழைக் காலத்தில் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்து நனையக் கூடாது என்று கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடக்கிறார்கள். சப்பாத்து அழுக்கானால் திட்டு விழும், ஈரமானால் மறுநாளைக்குக் காயாது. இந்தப் பிள்ளைகளிடம் பூச்சியைப் பற்றிப் பேசி என்ன பயன்? மழை நாளில் ரப்பர் செருப்போடு வர அதிபர் அனுமதித்தால் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. அந்தக் கோரிக்கையைப் பிள்ளைகள் கடிதமாக எழுதிக் கொடுக்கட்டும். மலசலகூட வாசலில் பொதுவாக நான்கு சோடி செருப்பு வைத்தால் இன்னும் நல்லது. பூச்சி மருந்து கொடுக்கிற நாளில் வராமல் போகிறவர்கள் யார் என்று கூட்டாளிகளுக்குத்தான் தெரியும். முந்தின நாளே “நாளைக்கு வந்துரு” என்று சொல்லி வைப்பது கழகத்தின் வேலை.

வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையும் அதுபோலத்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு தரம் குமட்டிய பிள்ளை அடுத்த வாரம் அதை யன்னலுக்கு வெளியே எறியும். சாப்பிட்ட பிறகு கொடுக்கும்படி நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையைக் கழகத்துப் பிள்ளை கவனித்து உங்களிடம் சொல்லட்டும். அடுத்தது தேத்தண்ணி. நாம் தேயிலையில் பிழைக்கிற சனம், அதைக் குடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் தேவையில்லை. சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைச் சாயம் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குப் போகாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இந்த ஒரு செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனால் கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கும் நல்லது. சோர்வாகவே இருக்கிற தாய்மார் எத்தனை பேர் நம் லயங்களில்!

பெரிய பெண் பிள்ளைகளுக்காக ஒரு ஏற்பாடு. மாதவிடாய்த் துவாய்கள் வைத்த பெட்டி ஒன்று, திறப்பு ஒரு ஆசிரியையிடமும் கழகத்து மூத்த பெண் பிள்ளை ஒருவரிடமும் இருக்கட்டும். யாரிடமும் காரணம் சொல்லாமல் எடுக்க முடிய வேண்டும். அந்த நாட்களில் வராமல் நிற்கும் பிள்ளைகள் குறைவார்கள்.

பாக்கும் புகையிலையும்

தரம் 8க்கு மேல் ஆண் பிள்ளைகள் சிலரின் சட்டைப் பையில் பாக்குத்தூள் பொட்டலம் இருக்கும். வெற்றிலை போடுவது நம் வீடுகளில் மரியாதையான பழக்கம். பாட்டியிடம் போய்ப் “போடாதீங்க” என்று பேரப்பிள்ளையைச் சொல்ல வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தன் வயதுக்காரனிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருளோ மதுவோ விற்கக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அறிவைவிட இங்கே தேவைப்படுவது வாயில் ஒரு பதில். “ஒண்ணு போடு மச்சான், ஒண்ணும் ஆகாது” என்று அண்ணன் வயதுப் பையன் நீட்டும்போது என்ன சொல்வது? பிள்ளைகளை நடித்துப் பழகவிடுங்கள். ஒருவன் நீட்ட வேண்டும், இன்னொருவன் கூட்டாளித்தனம் கெடாமல் மறுக்க வேண்டும். “மெச் இருக்கு, வாய் காஞ்சிரும்” என்பது இங்கே ஒருவன் கண்டுபிடித்த பதில். இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நடிப்பில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருந்தால் பத்து நிமிஷக் கூத்தாகவும் செய்யலாம். மாசி, பங்குனியில் காமன் கூத்து நடக்கிற தோட்டங்களில் சனம் எப்படியும் கூடும். கோயில் பெரியவர்களிடம் கேட்டு, தப்பு அடிக்கத் தெரிந்த மாமாவிடம் இரண்டு அடி பழகி, கூத்துக்கு முன்னால் செய்தால் கேட்க ஆள் தேட வேண்டியதில்லை.

பிள்ளைகள் மேல் ஏற்றக் கூடாதவை

நகம் பார்ப்பது, தலை பார்ப்பது, கழுவாதவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது எதுவும் கழகத்துப் பிள்ளைக்கு வேண்டாம். அதிகாரம் கொடுத்த அன்றே அந்தப் பிள்ளை கூட்டாளி என்ற இடத்தை இழந்துவிடும். குளிசை, மருந்து எதையும் பிள்ளை கையால் கொடுக்க வைக்காதீர்கள். வயிற்றோட்டம் என்றால் உடம்பு இழந்த நீரை ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுக்கும் முறையைத் தெரிந்து வைத்திருக்கலாம், ஆனால் அதையும் வீட்டுப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். தனியாக வேறு லயங்களுக்கு வீடு வீடாக அனுப்பாதீர்கள். பாடசாலையின் மலசலகூடம் கழுவும் வேலையைக் கழகத்தின் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகளை நம்பிப் பிள்ளைகள் பேசத் தொடங்கினால் கனமான விஷயங்களும் வரும். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், வீட்டில் சாப்பாடு இல்லை, யாரோ தப்பாகத் தொட்டார். இதைச் சுமக்கிற வயது இல்லை அவர்களுக்கு. முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: பயப்படுத்துகிற எதையும் ரகசியமாக வைத்திருக்க வேண்டாம், அன்றே நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் சொல். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை எல்லா வகுப்புச் சுவரிலும் ஒட்டுங்கள். கேட்ட பிறகு நீங்கள் சும்மா இருந்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி யாரிடமும் வாய் திறக்காது.

பலன் தெரிந்துகொள்வதும் கைமாற்றுவதும்

தவணை முடிவில் முதல் வாரம் போலவே திரும்பவும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டையும் டிமை தாளில் சலாகை வரைபாக வரைந்தால் கணித ஆசிரியருக்கும் சந்தோஷம். ஆனால் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் கழுவுவார்கள். அதைவிட நம்பகமானது சவர்க்காரம். வெள்ளிக்கிழமைதோறும் வலைப்பையில் மிச்சமிருக்கும் துண்டை அடிமட்டத்தால் அளந்து எழுதச் சொல்லுங்கள். எந்த வாரம் கரையவில்லையோ அந்த வாரம் என்ன நடந்தது என்று பிள்ளைகளே தேடுவார்கள். கேன் நிரப்ப ஆளில்லை, கயிறு அறுந்துவிட்டது, பரீட்சை என்று ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும்.

சவர்க்காரத்துக்குக் காசு எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய மாணவர்கள், தோட்டத்து முச்சக்கர வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கட்டி என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். காசாக வாங்காதீர்கள், பொருளாகவே வாங்குங்கள். வாங்கியதைச் சி.ஆர். கொப்பியில் பிள்ளைகளே எழுதட்டும்.

மூன்றாம் தவணையில், பரீட்சை நெருக்கம் வருவதற்கு முன்பே, கைமாற்றத்தை முடித்துவிடுங்கள். தரம் 6இல் திரும்பவும் துண்டுக் கடுதாசி கொடுத்துப் பிள்ளைகளைத் தேர்ந்து, ஒரு மாதம் பழையவர்களோடு சேர்ந்து வேலை செய்ய விடுங்கள். கொப்பி, பெட்டித் திறப்பு, சவர்க்காரக் கையிருப்பு, யாருக்கு எந்தச் சின்னப் பிள்ளைகள் என்ற பட்டியல் எல்லாம் பிள்ளை கையிலிருந்து பிள்ளை கைக்கே போகட்டும். விடுமுறை விடுகிற அன்று கேன்களைக் கழற்றிக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் நின்றால் நுளம்பு முட்டையிடும். புதுத் தவணை தொடங்குகிற நாளில் கயிறுகளைப் பார்த்து, இற்றுப்போனதை மாற்றிவிட்டு நிரப்பலாம்.